ஒட்டவும் வேண்டும், பிரியவும் வேண்டும்!

தூண்டில் கோலின் நுனி வளையம் உடைந்துவிட்டது. புது வளையத்தை எதைக் கொண்டு ஒட்டுவது?

"இது ஒரு கேள்வியா? ஏதாவது ஒரு பசை!" என்பீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். அதற்கு நான் கொடுத்த விலை, ஒரு புத்தம் புதிய தூண்டில் கோல்!

நடந்ததைச் சொல்கிறேன்.

என் மனைவியின் தம்பி ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். மூன்று ஷிப்ட் வேலை. ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு. அந்த ஒரு நாளும் அவருக்குத் தூண்டில்தான் உலகம். ஓவர்டைம் பணத்தைச் சேர்த்தார். அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் போனார். கரி இழையில் செய்த நல்ல கோல் ஒன்று வாங்கி வந்தார்.

கரி இழைக் கோல் இறகு போல இருக்கும். ஆனால் பலம் அதிகம். அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கையில் வாங்கினேன். வாங்கியவன் சும்மா இருந்திருக்கலாம். காரில் வைத்துக் கதவைச் சாத்தினேன். "டிக்" என்று ஒரு சத்தம். நுனி வளையம் இரண்டாக உடைந்து கீழே கிடந்தது!

அவருக்குத் தெரிவதற்குள் சரி செய்துவிட நினைத்தேன். புது வளையம் ஒன்று வாங்கினேன். சின்ன டியூபில் வரும் உடனடிப் பசை வீட்டில் இருந்தது. இரண்டு சொட்டு விட்டேன். வளையத்தைச் செருகினேன். மூச்சு விடுவதற்குள் ஒட்டிக்கொண்டது.

ஆனால் கோணலாக ஒட்டிக்கொண்டது!

திருப்பப் பார்த்தேன். அசையவில்லை. குறடு கொண்டு இழுத்தேன். அசையவில்லை. அடுப்பில் காட்டினேன். கண் எரியும்படி புகை வந்தது. மறுபடியும் முறுக்கினேன். வளையம் வந்தது. கோலின் நுனியும் நாலு விரற்கடை முறிந்து அதோடு வந்தது.

"பரவாயில்லை, மாமா" என்றார் அவர். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எங்கே தவறு?

தவறு பசையில் இல்லை. பலமான பசைதான் நல்ல பசை என்று நான் நினைத்தேனே, அதுதான் தவறு. நம்மில் அநேகம் பேர் அப்படித்தான் நினைக்கிறோம். விளம்பரமும் நமக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறது. "ஒட்டினால் பிரியாது!" என்றால் கைதட்டுகிறோம்.

பிரியாமல் இருக்க வேண்டிய சாமான்கள் உண்டு. நாற்காலியின் கால் பிரியக் கூடாது. செருப்பின் அடி பிரியக் கூடாது. ஆனால் தூண்டில் கோலின் நுனி வளையம் பிரிய வேண்டும். நாம் சொல்லும்போது பிரிய வேண்டும். ஏன்?

அது தேயும் சாமான். உடையும் சாமான்.

அந்தக் காலத்து மூங்கில் கழிக்கு வளையம் கிடையாது. நரம்பைக் கழியின் நுனியில் கட்டினார்கள். மண்புழுவைக் கோத்துப் போட்டார்கள். வேலை முடிந்தது. இப்போது வரும் கோலில் ரீல் இருக்கிறது. ரீலில் சுற்றிய நரம்பு, கோலின் மேல் வரிசையாக இருக்கும் வளையங்கள் வழியாக ஓடி, நுனி வளையம் வழியாக வெளியே போகிறது. மற்ற வளையங்களில் நரம்பு நேராகப் போகும். நுனியில் மட்டும் திடீர் என்று மடங்கித் திரும்பும். ஆகவே முதலில் தேய்வது நுனி வளையம்தான். முதலில் இடிபடுவதும் அதுதான். சுவரில் சாய்த்தால் அது இடிக்கும். பஸ்ஸில் ஏற்றினால் அது இடிக்கும். காரில் வைத்தால் என்னைப் போன்றவன் கதவைச் சாத்துவான்!

வளையத்துக்கு உள்ளே பீங்கான் போன்ற ஒரு பொருள் பதித்திருப்பார்கள். அதில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் போதும், நரம்பை அறுத்துவிடும். விரிசல் கண்ணுக்குத் தெரியாது. ஒரு பஞ்சுத் துணுக்கை வளையத்துக்குள் விட்டு இழுத்துப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் விரிசல் உண்டு. வளையத்தை மாற்ற வேண்டியதுதான்.

கோல் பல வருஷம் உழைக்கும். அதற்குள் நுனி வளையம் சில தடவையாவது மாறும். அந்த வளையத்தைப் பிரியாதபடி ஒட்டினால் என்ன ஆகும்? சில ரூபாய் வளையத்துக்காகப் பல ஆயிரம் ரூபாய்க் கோல் குப்பைக்குப் போகும்.

பலம் வேண்டாமா?

"பெரிய மீன் இழுத்தால் வளையம் கழன்று போகாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

கிணற்று ராட்டினத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் வாளி தொங்குகிறது. மறு பக்கம் நாம் கயிற்றை இழுக்கிறோம். இரண்டு பக்கமும் இழுத்தால் ராட்டினம் என்ன செய்கிறது? தன் கட்டையின் மேல் இன்னும் நன்றாக அமுங்குகிறது. நுனி வளையமும் அப்படித்தான். வெளியே மீன் இழுக்கிறது. உள்ளே ரீல் இழுக்கிறது. கோல் வளைகிறது. வளையம் கோலை விட்டு வெளியே வராது. கோலின் மேலேயே அழுந்தும்.

ஆகவே பசைக்கு இங்கே வேலை கொஞ்சம்தான். வளையம் சுழலக் கூடாது. தூண்டிலை வீசும்போது பறந்துவிடக் கூடாது. புதரில் மாட்டினால் உடனே கழலக் கூடாது. இந்த வேலைக்கு மிதமான பசையே போதும்.

கடையில் என்ன கிடைக்கும்?

ஓசூர் கடைத் தெருவில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். அங்கே நின்ற அரை மணி நேரத்தில் ஒரே சாமானை மூன்று பெயரில் கேட்டார்கள். ஒருவர் "கோந்து" என்றார். ஒருவர் "ஜிகுரு" என்றார். இன்னொருவர் "அண்ட்டு" என்றார். தமிழ், தெலுங்கு, கன்னடம்! கடைக்காரர் மூவருக்கும் சளைக்காமல் பதில் சொன்னார். எல்லை ஊர் என்றால் சும்மாவா?

"எந்த வேலைக்கு?" என்று மட்டும் அவர் யாரிடமும் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. "பலமானதாக் கொடுங்க" என்பதோடு சரி.

வெள்ளைப் பசையை முதலில் தள்ளிவிடலாம். பெவிகால் போன்ற வெள்ளைப் பசை மரத்துக்கு ஏற்றது. அதில் இருக்கும் தண்ணீரை மரம் உறிஞ்சிக்கொள்ளும், பசை காயும். உலோகக் குழாய்க்குள் தண்ணீர் எங்கே போகும்? சரியாகக் காயாது. காய்ந்தாலும் ஏரித் தண்ணீரில் நனைந்தால் இளகும்.

அடுத்தது உடனடிப் பசை. இதை 1942-இல் அமெரிக்காவில் ஹாரி கூவர் என்ற ரசாயன நிபுணர் தற்செயலாகக் கண்டார். துப்பாக்கியின் குறி பார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடினார். தொட்டதெல்லாம் ஒட்டிக்கொண்டது. "இது உபயோகமில்லை" என்று ஒதுக்கிவிட்டார்கள்! பிறகுதான் அதன் மகிமை தெரிந்தது. 1958-இல் விற்பனைக்கு வந்தது. உடைந்த பொம்மைக்கு அது பேஷான பசை. ஆனால் நேராக வைக்க அவகாசம் தராது. காய்ந்தால் கண்ணாடி போல விறைத்துவிடும். அடி பட்டால் தெறிக்கும். சூடு காட்டிக் கழற்றப் பார்த்தால் கண்ணையும் மூக்கையும் எரிக்கும் புகை வரும். அதை நான் பட்டே தெரிந்துகொண்டேன்.

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பசையால் விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து மெல்லப் பிரியுங்கள். கண்ணில் பட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம். உடனே டாக்டரிடம் போங்கள்.

மூன்றாவது, இரண்டு டியூபைக் கலந்து பூசும் அரால்டைட் வகைப் பசை. இதற்கு நான் விரோதி இல்லை. மிகவும் பலமானது. தண்ணீருக்கு அஞ்சாது. நேராக வைக்க அவகாசமும் தரும். தூண்டில்காரர்கள் சிலர் இதைத்தான் உபயோகிக்கிறார்கள். "சூடு காட்டினால் இதுவும் இளகுமே!" என்று அவர்கள் வாதாடுகிறார்கள்.

இளகும். உண்மைதான். ஆனால் ஒரு விஷயம். கரி இழையும் கண்ணாடி இழையும் தாமாகக் கோல் ஆவதில்லை. இழைகளைச் சேர்த்துப் பிடித்திருப்பதும் ஒரு பசைதான். பெரும்பாலும் அது அரால்டைட்டின் ஜாதியைச் சேர்ந்த பசை! தொழிற்சாலையில் சூட்டில் வைத்து இறுக்குவதால் அது கொஞ்சம் அதிகச் சூடு தாங்கும். ஆனாலும் வளையத்தின் பசை இளகும் வரை சூடு காட்டுவது ஆபத்தான விளையாட்டு. கொஞ்சம் மிஞ்சினால் கோலின் உயிரே இளகிவிடும். நுனி எவ்வளவு பருமன்? தீக்குச்சி அளவுதான். அங்கே பிழை செய்ய இடம் இல்லை.

மிச்சம் இருப்பது உருகு பசை. சூடு காட்டினால் உருகும், ஆறினால் இறுகும், மறுபடி காட்டினால் மறுபடி உருகும். தூண்டில் சாமான் கடைகளில் நுனி வளையத்துக்கு என்றே சிறு குச்சியாக விற்கிறார்கள். அது கிடைக்காவிட்டால், பசைத் துப்பாக்கியில் போடுகிறார்களே, அந்த மெழுகு போன்ற குச்சி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அட்டை வீடு கட்ட அதைத்தான் வாங்குகிறார்கள்.

என் ஓட்டு இதற்குத்தான்.

இதிலும் குறை உண்டு. மலிவான குச்சி, வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்தால் இளகலாம். கிருஷ்ணகிரி வெயில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கதவை மூடிய காருக்குள் அது இரண்டு மடங்காகத் தோன்றும். ஆகவே கடையில் கிடைத்தால் தூண்டிலுக்கு என்றே செய்த குச்சியை வாங்குங்கள். கோலையும் நிழலில் வையுங்கள்.

புதிது அல்ல

உருகு பசை மேல்நாட்டுப் புதுமை என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டுச் சரக்கு அது. அதன் பெயர் அரக்கு!

புரசு, இலந்தை போன்ற மரங்களில் வாழும் ஒரு சின்னஞ்சிறு பூச்சி கொடுக்கும் பொருள் அரக்கு. சூட்டில் உருகும். ஆறினால் கல் போல இறுகும். பாரதக் கதையில் பாண்டவர்களுக்குக் கட்டிய அரக்கு மாளிகையை யார் மறப்பார்கள்?

பொற்கொல்லர் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். நகையை அரக்கில் பதித்து வைத்துத்தான் நுட்பமான வேலை செய்வார். நகை அசையாது. வேலை முடிந்ததும் சூடு காட்டுவார். நகை கையோடு வந்துவிடும். பொன்னில் ஒரு கீறல் விழாது. கத்தியின் காம்பைப் பிடிக்குள் இறுக்கவும் அரக்கை உருக்கி ஊற்றினார்கள். பிடி உடைந்தால் சூடு காட்டி எடுத்து, புதுப் பிடி போட்டார்கள். மேல்நாட்டிலும் பழைய மூங்கில் தூண்டில் கோல்களின் உலோகப் பூண்களை, அரக்கும் மரப் பிசினும் சேர்ந்த உருகு பசையால்தான் பொருத்தினார்கள்.

அவர்களுக்குப் பலமான பசை கிடைக்கவில்லை என்பதால் அப்படிச் செய்தார்களா? அது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பழுது பார்ப்பதும் வேலையில் ஒரு பங்கு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதை நான் மைத்துனரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இதைச் சொல்ல அரக்கு மாளிகை வரைக்கும் போகணுமா, மாமா? எங்க ஷாப்பிலேயே இருக்கே!" என்றார்.

"என்ன இருக்கிறது, மச்சான்?"

"லாக்டைட்!"

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். எந்திரம் அதிரும்போது போல்ட் தானாகக் கழலும். அது கழலாமல் இருக்க மரையில் ஒரு சொட்டுத் திரவம் விடுவார்கள். அதுதான் லாக்டைட். வெர்னான் கிரீபிள் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1953-இல் செய்தது. அதில் பல தினுசு உண்டு. நீல நிறத் திரவம் மிதமானது. ஸ்பானர் போட்டால் கழலும். சிவப்புத் திரவம் கடுமையானது. சூடு காட்டினால்தான் கழலும்.

"நாளைக்குக் கழட்ட வேண்டிய போல்ட்டுக்குச் சிவப்பு போட்டா, எங்க சூப்பர்வைசர் சும்மா விடுவாரா?" என்றார்.

எனக்கு வாய் அடைத்துப் போனது. 1970-களில் சிப்காட் வந்ததில் இருந்து ஓசூர் தொழில் நகரம். லாரி செய்கிறார்கள். மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள். கைக்கடிகாரம் செய்கிறார்கள். கழல வேண்டியது எது, கழலக் கூடாதது எது என்று இந்த ஊர்த் தொழிலாளிக்குப் பாடமே நடத்துகிறார்கள். அந்தப் பாடம் தொழிற்சாலைக் கதவுக்கு வெளியே ஏன் வருவதில்லை?

அதுதான் என் குறை. வீட்டுக்குள் வரும் சாமான்களைப் பாருங்கள். முன்பு திருகாணி இருந்தது. இப்போது பசை இருக்கிறது. கைபேசியின் பேட்டரியை முன்பு நகத்தால் நெம்பி எடுத்தோம். இப்போது அநேகமாக எல்லாக் கைபேசியிலும் உள்ளே ஒட்டி மூடிவிடுகிறார்கள். பேட்டரி போனால் கடைக்குப் போ. கடைக்காரர் கையை விரித்தால் புதிது வாங்கு! ஓசூர்ப் பக்கம் இன்று கைபேசிப் பாகங்களும் செய்கிறார்கள். செய்கிறவரின் வீட்டிலும் இதே கதைதான்.

ஐரோப்பிய நாடுகள் இதற்கு ஒரு சட்டம் செய்தன. 2023-இல் செய்த சட்டம். சிறு மின் சாமான்களின் பேட்டரியை, வாங்கியவரே கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும் என்கிறது. சில விலக்குகள் உண்டு. 2027 பிப்ரவரி 18 என்று அதற்கு நாளும் குறித்தார்கள். நம் நாட்டிலும் இப்படி ஒன்று வந்தால் நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன். வரும்வரை, நம் கையில் இருக்கும் பசையையாவது நாம் யோசித்து எடுக்கலாம்.

செய்யும் விதம்

சரி, தூண்டிலுக்கு வருவோம். செய்வது சுலபம்தான். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் பையன்களும் செய்யலாம்.

கோல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பழைய வளையத்தின் உலோகக் குழாய்க்கு மட்டும் சில விநாடி சூடு காட்டுங்கள். மெழுகுவத்தி போதும். கோலின் மேல் சுடர் படவே கூடாது. பசை இளகியதும் குறட்டால் பிடித்து நேராக இழுங்கள். வரவில்லையா? மறுபடி கொஞ்சம் சூடு. அவசரப்படாதீர்கள். என்னைப் போல முறுக்காதீர்கள்!

பழைய பசையைத் துடைத்து எடுங்கள். புது வளையத்தைப் பசை இல்லாமல் செருகிப் பாருங்கள். தளதளவென்று ஆடக் கூடாது. அழுத்திச் செருகவும் கூடாது. இந்த அளவு முக்கியம். ஆகவே கடைக்குப் போகும்போது கோலின் நுனித் துண்டையே கொண்டு போய் அளந்து வாங்குங்கள். குத்துமதிப்பாக வாங்கிவிட்டு, இடைவெளியைப் பசையால் அடைக்கலாம் என்று நினைத்தால் எந்தப் பசையும் உங்களைக் காப்பாற்றாது.

பிறகு பசைக் குச்சியை உருக்கி, கோலின் நுனியில் மெல்லியதாகத் தடவுங்கள். வளையத்தின் குழாயைச் சூடாக்குங்கள். வெறும் விரலால் பிடிக்காதீர்கள். குறடு எதற்கு இருக்கிறது? செருகுங்கள். உடனே கோலைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, எல்லா வளையங்களும் ஒரே வரிசையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கோணலா? கவலை வேண்டாம். இன்னும் கொஞ்சம் சூடு காட்டித் திருப்பலாம். அந்த ஒரு சலுகைக்காகவே இந்தப் பசைக்குக் கோயில் கட்டலாம்! ஆறிய பிறகு, வெளியே பிதுங்கிய பசையை நகத்தால் உரித்துவிடுங்கள்.

இன்னொன்று. கரி இழைக் கோல் மின்சாரத்தைக் கடத்தும். மின் கம்பிக்கு அருகில் அதைத் தூக்கவே தூக்காதீர்கள். இடி மின்னல் வந்தால் கீழே வைத்துவிட்டு ஒதுங்குங்கள். அணையிலோ ஏரியிலோ தூண்டில் போடும் முன் அங்கே அனுமதி உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கெலவரப்பள்ளிப் பக்கம் தென்பெண்ணையில் ஆலைக் கழிவும் சாக்கடையும் கலந்து நுரை பொங்கும் நாளில், தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிடுவது நல்லது. அந்த நுரைக்கு எந்தப் பசையும் காரணம் இல்லை. அது வேறு கட்டுரை.

என் மைத்துனரின் கோல் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா?

கோல் நாலு விரற்கடை குறைந்தது. ஆனால் சாகவில்லை. முறிந்த இடத்தைச் சீராக அறுத்தோம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். நுனி இப்போது கொஞ்சம் பருமன். அதற்கு ஏற்றபடி பெரிய வாய் உள்ள வளையம் வாங்கினோம். மெழுகுவத்தி ஏற்றி, உருகு பசையால் அவரே ஒட்டினார். நான் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு மேல் என்னை நம்பவில்லை!

போன மாதம் ஒரு ஞாயிறு, குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஊர் ஏரி ஒன்றில் தூண்டில் போட்டோம். கோல் முன்னைப்போல வளையவில்லை. சற்று விறைப்பாக இருக்கிறது என்றார். மத்தியானம் வரைக்கும் நாலு ஜிலேபிக் கெண்டை. நாலும் உள்ளங்கை அளவு. அது போதாது என்று, திரும்பும் வழியில் கிருஷ்ணகிரி அணைக்குப் போனோம். 1957-இல் திறந்த அணை அது. அங்கே வறுத்த மீன் வாங்கிக்கொண்டு வீடு வந்தோம். காரில் கோலை அவர்தான் வைத்தார். கதவையும் அவர்தான் சாத்தினார்.